பூநாரைக் கரையில் ஓர் உபயம்

பறவை பார்க்க நல்ல இடம் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்கு அப்பால் உள்ள கடல்நீரேரிக் கரையையே சொல்லிவந்தேன். மாரி மழை ஓய்ந்தபின், விடியற்காலையில், வெயில் முதுகில் படும்படி மேற்குப் பார்த்து நிற்க வேண்டும். வெள்ளை உடுப்பு ஆகாது. வாய் திறக்கக் கூடாது. இனி அந்த இடத்தை எவருக்கும் சொல்லமாட்டேன்.

அந்த விதிகளை நானும் மனைவியும் கற்றது இங்கிலாந்தில். நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், ஞாயிறுகளில் பஸ் ஏறிச் சதுப்பு நிலங்களுக்குப் போவோம். நீரோரத்தில் பலகைக் குடில்கள் இருக்கும். உள்ளே இருந்துகொண்டு ஒரு நீண்ட துவாரத்தின் வழியே பார்ப்பார்கள். இருமல் வந்தால் வெளியே போய் இருமுவார்கள். தன்னை மறைத்துக்கொள்வதும் ஒரு மரியாதை என்ற அந்த எண்ணம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊர் திரும்பியபின், குடில் எதுவும் இல்லாமலே, உப்புநீரில் வளரும் கண்டற் பற்றை ஒன்றின் ஓரத்தில் நின்று, தான் அங்கே இல்லாதது போல ஆகிவிடுவாள். பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சேற்றை அரித்தபடி, கல்லெறி தூரம் வரை வரும்.

போன மார்கழியில் அவள் இறந்தாள். இந்த மார்கழியில், ஆட்டைத் திவசத்துக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பி, சாப்பாடு முடிந்து சனம் கலைந்ததும் என்னைக் காரில் ஏற்றினார்.

"எங்கை எண்டு கேளாதேங்கோ, அத்தான். வந்து பாருங்கோ."

பார்த்தேன். கண்டற் பற்றை இல்லை. பூநாரைகள் இரை தேடிய ஆழமற்ற நீரை இடிந்த வீட்டுக் கற்களாலும் கிறவல் மண்ணாலும் நிரப்பி, அதன்மேல், ஆட்கள் அமர, கூரை போட்ட ஒரு சிமெந்து வாங்கு. பக்கத்தில் மின்விளக்கு. வாங்கின் முதுகில், கறுப்புக் கல்லில், என் மனைவியின் பெயர். கூரையின் முகப்பில், அதைவிடப் பெரிய எழுத்தில், உபயகாரரான தம்பியின் பெயர்.

கோயில் மணியிலும் பஸ் தரிப்பிடத்திலும் சுடலை மண்டபத்திலும் இதைத்தான் செய்கிறோம். சிமெந்து குழைக்காத துக்கத்தை நாங்கள் துக்கமாகக் கருதுவதில்லை.

"அக்கா பாவம், இருக்க ஒரு வாங்குகூட இல்லாமல் நிண்டவ எல்லே" என்றார் தம்பி. "இனி வாறவை வடிவா இருந்து பாக்கட்டும்."

"எதைப் பாக்கிறது?"

"குருவியளைத்தான்."

"எங்கை குருவி?"

அவர் கையைக் கண்ணுக்கு மேலே குவித்துத் தேடினார். வெகுதூரத்தில், நீரேரியின் நடுவில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

"அங்கை நிக்குதுகள். இஞ்சையும் வருங்கள், அத்தான். அதுகளுக்கு என்ன விசாவே வேணும்?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். படியில் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்த மேசனும் சிரித்தார். நான் மேசனிடம் திரும்பினேன்.

"உந்தக் கறுப்புக் கல்லைக் கழட்டித் தாரும்."

"எழுத்துப் பிழையோ, ஐயா?"

"எழுத்துச் சரி."

"அத்தான், உங்களுக்கு விசரே? அது அக்கான்ரை பேர்!"

"ஓம். அதாலைதான்."

என் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தம்பி என்னை மன்னித்திருக்கக்கூடும். மேசன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உளியை எடுத்தார். முதல் அடிக்கே, அந்தக் கரையில் மிஞ்சியிருந்த இரண்டு உள்ளான் குருவிகளும் எழுந்து பறந்தன. தம்பி, போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வீடு திரும்பினேன். வாங்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாலையில் இளைஞர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று கேள்வி. கூரை முகப்பில் தம்பியின் பெயரும் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. அந்த இடத்தை அப்படி ஆக்கியவர் அவர். பெயரும் அவருடையதாகவே இருக்கட்டும்.