பினாயில் போட்டுத் துடைத்த வீடு

மழை விட்ட மறுநாள் நான் இப்போதெல்லாம் வீட்டைப் பினாயில் போட்டுத் துடைப்பதில்லை. முதலில் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். அதைப் பார்த்து என் மகள் சிரிப்பாள். சிரிப்புக்கு நடுவில் இருமல் வருகிறதா என்றுதான் என் காது கவனித்துக்கொண்டிருக்கும். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. நாங்கள் அவரை ‘ஈரம் பாக்குற அக்கா’ என்போம். முதன்முதலாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்த காலையில், வாசல்படியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வூட்ட கழுவிட்டீங்களா டீச்சர்?”

“ஆமாக்கா, நீங்க வர்றீங்கன்னுதான்” என்று பெருமையாகச் சொன்னேன். கூடத்தில் ஊதுபத்தியும் ஏற்றி வைத்திருந்தேன்.

“போச்சு போங்க. நாத்தம் பாக்க வந்தவளுக்கு வாசன காட்டுறீங்க. எனக்கு மூக்குதான் மொதல்ல, மெஷினு அப்பறம். நாளைக்கி வர்றேன்.”

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில், மலைக்குக் கீழே இருக்கிறது. கடலோரத்தைப் புரட்டிப்போடும் புயல்கள் எங்கள் பக்கம் வரும்போது காற்று ஓய்ந்து வெறும் மழையாகிவிடும். அந்த வருஷம் அந்த மழை கல்வராயன் மலையில் முட்டிக்கொண்டு நாள்கணக்கில் நகராமல் நின்றது. மழை விட்ட பிறகும் மகளின் அறைச் சுவரில் ஈரம் விடவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இருமல் சிரப் பாட்டில்கள் ஜன்னல் மேடையில் வரிசை கட்டின. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு மொட்டைமாடித் தளத்தையே பெயர்த்துப் போட வேண்டும் என்றார். பெயின்ட் கடைக்காரர் ஈரத்தைத் தடுக்கும் பெயின்டைக் காட்டினார். தன்னிடம் எது இருக்கிறதோ அதைத்தான் ஒவ்வொருவரும் மருந்தாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர்தான், “ஈரம் பாக்குற அக்காவ இட்டாந்து காட்டுங்க டீச்சர். அது எதையும் விக்காது” என்றார்.

அக்கா வெள்ளிமலைப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு மக்காச்சோளக் கிடங்கில் வெகுகாலம் மூட்டைகளுக்குள் கையை விட்டு ஈரம் பார்த்தவர். ஈரமான சுமை ஒன்றைக் காய்ந்ததென்று சொல்லச் சொன்னார்களாம், மாட்டேன் என்றாராம், வேலை போயிற்றாம். அது எந்தக் கிடங்கென்று அவர் சொன்னதில்லை. அதன் பிறகு வீடுகளைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய பையில் இரண்டு ஊசி வைத்த ஈரம் பார்க்கும் கருவி, டார்ச், சுரண்டும் தகடு, சாக்பீஸ் எல்லாம் இருக்கும். கூலியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார். பார்த்த பிறகு வாங்கினால், பார்த்ததைச் சொல்ல வாய் கூசும் என்பார். கொத்தனாரிடமோ பெயின்ட் கடையிலோ ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை என்று வேன் ஓட்டுநர் சொன்னார்.

அன்று திரும்பிப் போகும்போது தெருவில் நின்றபடியே, “பாப்பா எங்க படுக்குது?” என்று கேட்டார். மகளின் அறை ஜன்னலைக் காட்டினேன்.

“நான் வந்து பாக்குறவரைக்கும் கொயந்தய அங்க படுக்க வெக்காதீங்க.”

“ஏங்கா, அங்க எதுனா இருக்குதா?”

“எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. தெரியாததாலதான் சொல்றேன்.”

நான் அதைக் கேட்கவில்லை. அன்றிரவும் மகளை அதே அறையில்தான் படுக்க வைத்தேன். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டிருந்தேன், மகளுக்கு மறுநாள் பரீட்சை வேறு. இவை வெளியே சொல்லத்தக்க காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. நான் டிகிரி படித்தவள். மூட்டையில் கை விட்டுப் பழகிய பெண்ணுக்கு என் குழந்தையின் நெஞ்சைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். கரும்பாலையில் ஷிஃப்டில் இருந்த கணவரிடம் அக்கா சொன்னதைச் சொல்லவும் இல்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் எழுப்பப் போனேன். அவள் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றியிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதைத் தொடப் போவதுபோல ஏறி இறங்கின. ‘அம்மா’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. கள்ளக்குறிச்சிக்கு ஆட்டோவில் போன வழி முழுவதும் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். அந்த முதுகு துடித்த துடிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் புகை வரும் முகமூடியை அவள் முகத்தில் வைத்த நர்ஸ், “நல்லா இழுத்து வுடு தங்கம், தோ ஆயிடுச்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகளோடு சேர்ந்து நானும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். இந்த முறை வீட்டைத் துடைக்கவில்லை. அவர் என்னை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். வெகுநேரம் ஓசையே இல்லை. பிறகு, “டீச்சர், இங்க வாங்க” என்று மகளின் அறையிலிருந்து குரல் வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், மகளின் காதணி விழாவுக்கு என் அண்ணன் அடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தது. ஜிமிக்கியோடு அவள், பக்கத்தில் கும்பிட்டபடி தாய்மாமன். சுவரில் கறை தெரிந்ததும் நான்தான் அதை ஆணி அடித்து மாட்டினேன். கறையும் மறையும், ஈரமும் இந்தப் பக்கம் வராது என்று நினைத்தேன். வீடு ஒழுகினால் ஃப்ளெக்ஸ் போட்டு மூடுவதுதானே எங்கள் ஊர் வழக்கம்!

அக்கா ஆணிகளை நெம்பிப் பேனரைக் கீழே இறக்கினார். பின்னால் சுவர் முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. பேனரின் முதுகிலும் பூத்திருந்தது. அண்ணன் முகம் இருந்த இடத்தில்தான் அதிகம்.

“மாமன் சீரு ஜாஸ்தியாதான் வெச்சிருக்காரு...” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பிறகு ஊசியைச் சுவரில் குத்திக் குத்தி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். கோடு ஜன்னல் மேல்மூலைக்குப் போய் நின்றது. வெளியே சன்ஷேடின் தண்ணீர்க்குழாயைத் தென்னம்பாளை அடைத்திருந்தது. தளத்தைப் பெயர்க்க வேண்டாம், குழாயைத் திறந்து, பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டால் போதும் என்றார். சுரண்டும்போது குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது, மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். “பொங்கல் வருதுன்னு வெள்ள அடிச்சிடாதீங்க. ஈரத்த உள்ள வெச்சிப் பூசுனா மறுபடி இதே கததான். நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் பையைக் கட்டும்போதுதான் கேட்டேன். “இதனாலதானாக்கா பாப்பாவுக்கு அப்படி ஆச்சி?”

“அது டாக்டருதான் சொல்லணும். செவுத்துல பூஞ்ச இருக்குது. அதுதான் எனக்குத் தெரியும்.”

“நீங்க சொல்லியும் நான் அங்கயே படுக்க வெச்சேங்கா. என்னாலதானே?”

அவர் பையை ஓரமாக வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

“நான் செவுத்த பாக்க வந்தவ டீச்சர். உங்கள பாக்க வரல” என்றார். “யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிடுங்க. மூடி வெச்சா அதுவும் பூக்கும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கணவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அந்த மூன்று நாளும் அவர், திடீர்னு எப்படி ஆச்சு, திடீர்னு எப்படி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று ஆகவில்லை, அக்கா முன்னாடியே எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை, உங்களிடமும் மறைத்தேன் என்றேன்.

அவர் சாக்பீஸ் கோட்டை அடியிலிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தார்.

“அந்தப் பக்கம் புடி. பாப்பா வர்றதுக்குள்ள கூடத்துல போட்டுடலாம்.”