போபோடி ஹவால்தார் சொல்லாத வாக்கியம்

காவல்துறை பற்றிய என் ஆய்வுக் கட்டுரையில் ஒரு பேட்டியை நானே இட்டுக்கட்டினேன். புனே வெயிலில் போய் நிற்கச் சோம்பல்.

"ஹெல்மெட் அபராதமெல்லாம் மேலிடத்துல ஆள் இல்லாதவனுக்குத்தான்" என்று புனேயில் போபோடிப் பக்கத்துத் தமிழ் ஹவால்தார் சொன்னதாக எழுதி, ஆய்வு நெறிப்படி பெயரை மறைத்தேன். அங்கே தமிழ் ஹவால்தார் ஒருவர்தான் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. கட்டுரை வெளிவந்ததும் அவரைத் தண்டனையாகக் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

அவருடைய மேலதிகாரியிடம் போய், அது என் கற்பனை என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "சொன்னவனைக் காப்பாத்த வந்தீங்களா, ப்ரொஃபசர் சாஹேப்? உங்க தொழில் தர்மம் எனக்குத் தெரியாதா!"

மாற்றல் உறுதியாயிற்று.

ஹவால்தாரிடம் மன்னிப்புக் கேட்டு, கமிஷனரையே பார்க்கிறேன் என்றேன். அவர் பதறிக் கைகூப்பினார்.

"வேணாம் சார்! நீங்க இன்னொரு வாட்டி காப்பாத்தினா, என்னை நக்சல் இருக்கிற கட்சிரோலி காட்டுக்கே அனுப்பிடுவாங்க."

நான் போகவில்லை. அவர் இன்னும் கண்ட்ரோல் ரூமில்தான் போன் எடுக்கிறார்.