கணக்கு தேடி அலைந்தோம்

எண்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், நானும் எங்கள் அண்ணியும் ஆரணி முழுக்கக் கணக்கு தேடி அலைந்தோம். ஆமாம், கணக்குதான். மற்ற பெண்கள் ஜாக்கெட்டுக்குப் பொருத்தமான துணி தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் போடுவதற்கு நல்ல கணக்காக ஒன்று அகப்படுமா என்று பார்த்துக்கொண்டு திரிந்தோம்.

அப்போதுதான் ஊரில் ஒரு கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு திறந்திருந்தார்கள். ஒரே ஒரு மெஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போக வேண்டும். கரண்டு போனால் அடித்ததெல்லாம் காலி. ஆகவே முதலில் பேப்பரில் எழுதி, பத்து தடவை பார்த்து, அப்புறம்தான் மெஷினில் கை வைப்போம். பேசிக் என்ற மொழி. அதில் எங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், சார் வைத்திருந்த புத்தகத்தில் கணக்கே இல்லை. தனி வட்டி, வட்டத்தின் பரப்பு, பத்து பேரின் சம்பளப் பட்டியல், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டோம். வேலூரில் வகுப்புகளுக்கிடையே போட்டி வைக்கிறார்கள், இரண்டு பேர் சேர்ந்து போகலாம் என்று சார் சொன்னபோது, வட்டத்தின் பரப்பை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது என்று அண்ணியிடம் கேட்டேன்.

எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடியது. அப்பா தறியைவிட்டு இறங்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பரிசு வாங்கிகினு வாங்க. அப்புறம் வேலூர்ல மேல படிக்கறதப் பத்திப் பேசலாம். இல்லாட்டி இதோட சரி."

நான் எப்படியோ போகிறேன். அண்ணியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். வந்த நாளிலிருந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்த அன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சத்தையே பார்த்தேன். வேலூர் இல்லையென்றால் மறுபடியும் நூல்தான், அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"புஸ்தகத்துல இல்லன்னா இன்னா? ஊர்ல இல்லாமலா பூடும்?" என்றார் அண்ணி.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வேட்டை! பஸ் ஸ்டாண்டில் நின்று, போளூருக்கு நேராகப் போகிற பஸ்ஸை விட்டவன் எப்படிச் சுற்றினால் சீக்கிரம் போய்ச் சேருவான் என்று ஒரு கணக்கு. கலைந்து கிடக்கும் நூல் கட்டுகளை, ஒரு தடவைக்கு இரண்டை மட்டும் இடம் மாற்றி, நிற வரிசைக்குக் கொண்டுவர எத்தனை தடவை மாற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு. வேர்க்கடலை மடித்த காகிதத்தைக்கூட விடவில்லை. கடலையைக் கொட்டிவிட்டு, பின்பக்கம் ஏதாவது கேள்வித்தாளா என்று பார்ப்போம்.

அண்ணி ஒரு சட்டம் வைத்திருந்தார். பார்த்ததுமே விடை தெரிந்தால் அதைத் தூக்கிப் போடு. ஒரு நாள் முழுக்க முட்டியும் நுனிகூடப் பிடிபடவில்லையென்றால் ஓரமாக வை, பிறகு பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சோறு தின்னவிடாமல் பேஜார் பண்ணுகிறதே, அதுதான் நல்ல கணக்கு.

அப்படி ஒன்று அரிசி மில் வாசலில் கிடைத்தது. வெவ்வேறு எடையில் மூட்டைகள், இரண்டு லாரி, இரண்டிலும் பாரம் கூடுமானவரை சமமாக இருக்க வேண்டும். அடடா, பார்த்தால் எவ்வளவு சுலபம்! சாரிடம் ஓடினோம்.

"பெரிய மூட்டையா எடுங்க. எந்த லாரில பாரம் கம்மியோ அதுல போட்டுகினே வாங்க. சரியா பூடும்" என்றார் சார்.

எழுதினோம், ஓடியது. எனக்குத் திருப்தி. அண்ணிக்கு இல்லை. மறுநாள் சமையலறையிலிருந்து ஒரு கூச்சல்.

"ஜல்தி வாடி! கவுந்துடுச்சி!"

ஓடிப்போய்ப் பார்த்தால், தரையில் உருளைக்கிழங்கைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரிய கிழங்கு இரண்டு, சின்னது மூன்று.

"பெருசு முப்பது கிலோ, சின்னது இருபதுன்னு வெச்சுக்கோ. சார் சொன்ன மாதிரி போடு பாக்கலாம்."

போட்டேன். ஒரு பக்கம் எழுபது, மறுபக்கம் ஐம்பது. அண்ணி அதைக் கலைத்து, பெரியது இரண்டையும் ஒரு பக்கமும் சின்னது மூன்றையும் மறுபக்கமும் தள்ளினார். அறுபது, அறுபது! இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

"கொழம்புக்கு வெச்சதுல இன்னாடி வெளையாட்டு?" என்று அம்மா கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சரியென்று நம்பியதைக் கவிழ்ப்பதற்கு இப்படி ஒரு சின்ன உதாரணம் போதும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து எதை எழுதினாலும், இதை எப்படிக் கவிழ்க்கலாம் என்று ஒருவருக்கொருவர் வம்புக்கு நிற்போம்.

வேலூரில் மூன்று கணக்கு கொடுத்தார்கள். முதல் இரண்டையும் ஊதித் தள்ளிவிட்டோம். மூன்றாவதைப் பார்த்ததும் அண்ணி என் தொடையில் கிள்ளினார். நம்ம வீட்டுக் கணக்கு! ஒரு துணிச் சுருளின் நீளம் தருவார்கள், மூன்று அளவுகளில் துண்டு போடலாம், மிச்சம் முடிந்தவரை குறைவாக வர வேண்டும். வினாத்தாளில் உதாரணம் ஒன்றும் கொடுக்கவில்லை. எங்களுக்கு எதற்கு உதாரணம்? மளமளவென்று எழுதி முதல் ஆளாக எழுந்தோம்.

சோதித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "எந்த நீளம் குடுத்தாலும் அரை மீட்டர் கம்மியா எடுத்துக்குதேம்மா."

"அத முதல்லயே கழிச்சிட்டோம் சார். கடைசி அரை மீட்டர எப்படி சார் நெய்ய முடியும்?" என்றார் அண்ணி.

"நெய்யறதா? இது நெய்ஞ்சு முடிச்ச துணிம்மா."

ஐயோ! தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலைக் கடைசிவரை நெய்துவிட முடியாது. அந்த நுனியோடுதான் அடுத்த பாவின் இழைகளைப் பிணைக்க வேண்டும். தறி வீட்டில் இருக்கிறவர்களுக்கு நீளம் என்று சொன்னாலே அந்த நுனியைக் கழித்துவிட்டுத்தான் மனம் கணக்குப் போடும். இரண்டு பேரும் கழித்தோம், ஏன் கழித்தோம் என்று ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. எதையும் கவிழ்த்துப் பார்க்கிற மகாராணிகள் இதைப் பார்க்கவில்லை. பரிசு வேறு யாருக்கோ போயிற்று.

பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்வரை அண்ணி வினாத்தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நல்ல கணக்குடி அது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா தறியில் இருந்தார். "இன்னா ஆச்சி?"

"மிச்சம் உடணும்னு அரை மீட்டர் கழிச்சோம்பா. தப்புன்னுட்டாங்க" என்றேன்.

அப்பா தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "தப்புன்னானா? எவன் அவன்? கடைசிவரிக்கும் நெய்ஞ்சிட்டு அடுத்த பாவ எதுல பிணைப்பானாம், அவன் தல மயிர்லயா?"

நெருப்பு நன்றாகப் பற்றிக்கொண்டது. இந்தக் கோபத்திலேயே வேலூருக்கு வழி பிறந்துவிடும் போலிருந்தது எனக்கு. அண்ணி கெடுத்தார்.

"இல்ல மாமா. கணக்குல துணின்னுதான் போட்டிருந்திச்சி. பாவுன்னு நாங்களா நெனச்சிகினோம். தப்பு எங்களுதுதான்."

அட லூசு அண்ணி, என்று மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

"தோணல மாமா."

"எனக்கும்தான் தோணல" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பத் தறிக்குப் போய் உட்கார்ந்தார். குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தவர் ஓட்டாமல் வைத்திருந்தார்.

"பரிசு வாங்கனவங்களுக்கு எதுக்கும்மா படிப்பு? தோத்துட்டு, எங்க தோத்தோம்னு தெரிஞ்சிகினு வந்திருக்க. நீதான் படிக்கணும். இவளயும் இட்டுகினு போ."

அவரே போட்ட நிபந்தனையை அவரே தலைகீழாகப் புரட்டிவிட்டார். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மாமனார் எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.