அழித்தது பெயரை மட்டும்

ஆரோக்கியம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, குனோங் ராபாட் சாலையில் சிவப்பு விளக்குக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். அழுகை வரவில்லை. பதில் சொல்லாமலே தப்பித்துவிட்டாரே மனுஷன் என்று ஆத்திரம்தான் வந்தது. அவரைப் பற்றிக் குழுவில் நீங்கள் எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவது அப்படி இருக்காது.

எங்கள் தனியார் நில அளவை அலுவலகத்தின் சர்வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழி வந்த அந்த இயந்திரத்தைத் தன் சொந்த வீடு போல நடத்துவார். எதைக் கேட்டாலும் பாதிப் பதில்தான் வரும். "மீதிய நீயே தேடு லா, அப்பதான் மண்டையில நிக்கும்" என்பார். ஒருமுறை வாடிக்கையாளர் எதிரில் காத்திருக்க, வரைபடம் அச்சாகவில்லை என்று அவரிடம் ஓடினேன். "கரண்டு இருக்கு, பேப்பர் இருக்கு, வேற என்ன இருக்கணும்?" என்று என்னையே கேட்டுவிட்டுத் தே தாரே தேநீர் குடிக்கப் போய்விட்டார். நீங்கள் அதைக் குறும்பு என்றீர்கள். எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

பிறகு செமோர் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம் வீட்டுமனைக்குப் போனது. வாங்கிய நிறுவனத்துக்காக அளக்கப் போனவள் நான். அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த ரோசம்மா அக்கா என்னை லாலான் புல்லுக்குள் அழைத்துப் போய், கிறிஸ்தவர்களின் கல்லறை மேடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கல் ஒன்றும் கிடையாது. இற்றுப்போன மரச் சிலுவைகள் சில இருந்தன.

"இதுதான் எங்க வூட்டுக்காரரு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்த வாரேன். படத்துல போட்டுருவீங்கதானே?" என்று கேட்டார்.

எல்லா மேட்டையும் போட்டேன். அரசு நில அலுவலகத்தில் ஆட்சேபம் சொல்ல அந்தக் குடும்பங்களுக்கு வேறு ஆதாரம் இல்லை. வரைபடத்தைப் பொதுக் கோப்புறையில் வைத்து, யாரும் திருத்த முடியாதபடி 'வாசிக்க மட்டும்' என்று பூட்டினேன். விடுமுறை முடிந்து வந்தால் கோப்பைக் காணோம். நேரே அவரிடம் போனேன்.

"நான் பூட்டி வச்சிருந்தேனே அண்ணே?"

"அந்தப் பூட்டு உள்ள எழுதாம இருக்கத்தான். அழிக்கிற உரிமை ஃபைல்ல இல்ல, அது இருக்கிற ஃபோல்டர்ல இருக்கு. ஃபோல்டர் ஆபீஸோடது. முதலாளி எடுக்கச் சொன்னாரு, எடுத்தேன்."

"அப்ப அந்தச் சனங்களுக்கு என்னா வழி?"

"நான் எடுத்தது பேரைத்தான், மலரு" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

திமிர் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். அளவைக் கருவியில் பதிவாகியிருந்த புள்ளிகளையும் அடுத்த வேலைக்காகத் துடைத்துவிட்டிருந்தார்கள். மறுபடி அளக்கப் போனால் தோட்டத்தைச் சுற்றி வேலி, காவலாளி. வரைபடம் இல்லாத ஆட்சேபம் தள்ளுபடியானது. டிராக்டர் வந்து மேடுகளை நிரவியது. இன்று அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன.

அவர் இறந்த பிறகு, அவருடைய கோப்புறையைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. திறந்தால் உள்ளே என் வரைபடம் இருந்தது. நகல்கூட இல்லை, அதே கோப்பு. இந்த இயந்திரங்களில் ஒரே கோப்பை இரண்டு கோப்புறைகளில் இரண்டு பெயர்களோடு இணைத்து வைக்கலாம். ஒரு பெயரை எடுத்தாலும் கோப்பு போகாது. கடைசிப் பெயரும் போனால்தான் போகும். முதலாளி சொன்னபடி ஒன்றை எடுப்பதற்கு முன்பே, இன்னொன்றைத் தன்னிடம் போட்டு வைத்திருக்கிறார். உரிமையாளர் என்ற இடத்தில் அப்போதும் என் பெயர்தான் இருந்தது.

"அவரு ஒன் பக்கம்தான் இருந்திருக்காரு மலரு. அதான் பேரைத்தான் எடுத்தேன்னு சொன்னாரு. நீ யோசிப்பேன்னு நெனச்சிருப்பாரு" என்றார் கணக்குப் பிரிவு யோகேஸ் அண்ணன்.

யோசிக்க வைத்துப் பார்க்க அது என்ன பரீட்சையா? 'என் கோப்புறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முதலாளியிடம் பயமோ, பாதி சொல்லி நிறுத்தும் அந்தப் பாழாய்ப்போன பழக்கமோ, எதுவென்று இனி யாரிடம் கேட்பேன்? மேடுகள் இருந்த காலமெல்லாம் படம் அவரிடம் சும்மா கிடந்தது. காப்பாற்றினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

படத்தை அச்செடுத்து ரோசம்மா அக்காவிடம் கொண்டு போனேன். கணவரின் மேட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இப்ப இது எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

புதிய வீடுகளின் படத்தோடு முன்பே ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். அந்த மேடு இப்போது ஒரு வீட்டில் கார் நிறுத்தும் இடம். வரும் கல்லறைத் திருநாளன்று அக்காவை அங்கே கூட்டிப் போய், முன்பின் தெரியாத அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆரோக்கியம் அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது இதுதான்.