யாருடைய செபம்

தம்பி டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஒன்பது வயது. புக்கிட் மேராவிலிருந்து அம்மாவும் நானும் தினமும் பஸ் பிடித்துப் போவோம். பக்கத்துக் கட்டிலில் தம்பி வயதில் இன்னொரு பையன், அதே காய்ச்சல். அவனுடைய அம்மா காத்தோங்கிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையார் கோயில் திருநீற்றை மகனுக்குப் பூசிவிட்டு, கேட்காமலே என் தம்பிக்கும் ஒரு கீற்று இடுவார். அம்மா அதைத் துடைக்க மாட்டாள். செபமாலை சொல்லி முடித்ததும் அவளும் போய் அந்தப் பையனின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு வருவாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அந்தப் பையன் இறந்துபோனான்.

வீட்டில் நன்றிச் செபம் வைத்தார்கள். "நம்ம செபத்த ஆண்டவர் கேட்டுட்டாரு" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ஆன்ட்டி வேண்டுனது?" என்று கேட்டேன்.

"அவங்க வேற சாமி லா."

"அம்மாவும்தான் அவனுக்காக வேண்டுனாங்க. அது நம்ம சாமிதானே?"

அத்தை பதிலுக்கு என் வாயில் கேசரியைத் திணித்தாள்.

ஒன்று, ஆண்டவர் பாதியை மட்டும் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா பாதியை மட்டும் வேண்டியிருக்க வேண்டும். ஆண்டவரைச் சந்தேகப்பட்டால் நரகம் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மாவைச் சந்தேகப்படுவதற்கு அப்படித் தடை ஏதும் இல்லை. அன்றிலிருந்து அவளைக் கண்காணித்தேன். "ஆண்டவர்தான் காப்பாத்துனாரு" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். செபமாலையில் விரல்கள் நகரும், உதடு அசையாது. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் காத்தோங்குக்குக் கூட்டிப்போனாள். அந்த ஆன்ட்டியே கதவைத் திறந்து தம்பியை வாரி அணைத்துக்கொண்டார். "நல்லா மெலிஞ்சு போனான் பிள்ளை. சாப்பிட்டனியோ ராசா?" என்று அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்கோ, ஏன் வெளியில நிக்கிறீங்கள்?"

"இல்லக்கா, பரவாயில்ல" என்றாள் அம்மா. முகத்தை நிமிர்த்தவே இல்லை.

தப்புச் செய்தவர்கள்தான் அப்படி நிற்பார்கள் என்று முடிவுகட்டி, திரும்பும்போது பஸ்ஸில் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். பிள்ளை பிழைத்ததற்காகவே ஒரு தாய் இன்னொரு தாயின் முன்னால் தலைகுனிய நேரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.