கவாத்துக் கத்தரியும் என் பல் கம்பியும்

வேலை பார்க்கும் மஸ்கட்டில், நாற்பத்தோரு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டேன். லீவில் ஏற்காட்டுக்கு, அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் முறுக்கைக் கடித்தேன். கம்பியின் நுனி விலகிக் கன்னத்தைக் குத்தத் தொடங்கியது. சேலம் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன்.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அக்கா வீட்டுக்காரர் விடவில்லை. "ஒரு கம்பிக்கா சேலம்? இந்த வயசுல இதெல்லாம் தேவையா கண்ணு?" என்று இளித்தபடி, காப்பிச் செடியின் கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்யும் கத்தரியோடு வந்து நின்றார். வலி பொறுக்காமல் வாயைத் திறந்தது என் முட்டாள்தனம்.

வெட்டிய துண்டு நேராகத் தொண்டைக்குள் போய்விட்டது. மூச்சு முட்டி, கண் பிதுங்க இருமினேன். அக்கா முதுகில் ஓங்கி அறைந்த பிறகுதான் அது ரத்தத்தோடு வெளியே விழுந்தது. அந்த மனுஷன் ஒரு மன்னிப்பாவது கேட்டாரா? "பாத்தியா, நொம்ப சுளுவா முடிஞ்சுபோச்சு!" என்றார்.

இப்போது கம்பி நுனியில் ஒட்டும் மெழுகு இல்லாமல் ஊருக்குக் கிளம்புவதில்லை. குத்தினால் அதை ஒட்டிக்கொண்டு நேரே பல் டாக்டரிடம் போகிறேன். அவரிடம் மட்டும்தான் வாயைத் திறக்கிறேன். அக்கா வீட்டுக்காரரிடம் பேசுவதற்குக்கூடத் திறப்பதில்லை.