உப்புத் துறைமுகமும் ரிட்டர்ன் லோடும்

மெக்சிகோவில் புயல் கரை கடந்த அன்று நாமக்கல்லில் எங்கள் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கடற்கரையில் பழைய மாயா துறைமுகம் ஒன்றைத் தோண்டும் குழுவில் இருந்த என் மகள் தீபாவின் போன் அணைந்து கிடந்தது.

டிரைவர் போனை எடுக்காவிட்டால் அதே ரூட்டில் முன்னால் போகிற வண்டியைக் கூப்பிட்டு விசாரிப்போம். தீபாவின் ரூட்டில் எனக்குத் தெரிந்த வண்டி ஒன்றும் இல்லை.

போன புதிதில் தினமும் பேசுவாள். அந்தக் காலத்தில் கடலோரம் உப்பு விளைவித்து, படகில் ஏற்றி, கரையை ஒட்டியே துறை துறையாகக் கொண்டுபோனார்களாம்.

"உப்பை எறக்கிட்டு ரிட்டர்ன் லோடு என்ன ஏத்துவாங்க சாமி?"

"உனக்கு எல்லாமே லாரிதாம்மா. தெக்குச் சீமையில இருந்து கோகோ கொட்டை வரும். மலைப்பக்கத்துல இருந்து கத்தி செய்யற எரிமலைக் கண்ணாடிக் கல்லு வரும்."

"அப்ப எம்ட்டி அடிக்கல, வெறும் படகா திரும்பல. பொழைக்கத் தெரிஞ்சவங்கதான்."

மறுநாள் மாலை அவளே கூப்பிட்டாள். கூடாரமெல்லாம் போய்விட்டது, ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம் என்றாள். "தோண்டுன குழியெல்லாம் தண்ணிம்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

"ஊட்டுக்கு வந்துரு சாமி."

"வாரேம்மா. தெக்கால ஒரு தீவுல இன்னொரு துறைமுகம் தோண்டறாங்க. அங்க கூப்பிடறாங்க. அதை முடிச்சுட்டு வாரேன்."

"ஒண்ணும் பாக்காத. எம்ட்டியாவே வா."

என் சர்வீசில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. குஜராத்தில் சரக்கு இறக்கிய வண்டிக்கு ஊர்ப்பக்கம் லோடு அமையாவிட்டால் அசாமுக்கு ஏற்றச் சொல்வது நான்தான். காலியாக வந்தால் டீசலுக்குக் கட்டாது.

தீபா என் பாஷையிலேயே சொன்னாள். "வண்டி நல்லாத்தாம்மா ஓடுது."

இப்போது தீவில் இருக்கிறாள். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிரைவர் வீட்டிலிருந்து போன் வந்தால் வண்டி எங்கே நிற்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். காலையில் அவர் குரல் எப்படி இருந்தது, சாப்பிட்டாரா என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்பது அதைத்தான்.

போன வாரம் டிரைவர் செல்வத்தின் மனைவி சரசு மல்லசமுத்திரத்திலிருந்து கூப்பிட்டார். செல்வம் அசாமில் இருக்கிறார், சளி பிடித்திருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டார் என்று சொன்னேன்.

"ஐஸ் தண்ணி குடிச்சிருப்பாருங்க. சொன்னாக் கேட்டாத்தானே." பிறகு, "உங்க பாப்பா எப்ப வருதுங்க அக்கா?" என்றார்.

"ஊருக்கு லோடு அமையலைங்க."

"அதென்னமோ நமக்குன்னா அமையறதில்லீங்க."

செல்வம் காலையில் சாப்பிட்டதையும் சொன்னேன். அதன் பிறகும் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.